பேர் வெட்டிய பேட்டரி

எங்கள் வீட்டில் பேர் வெட்டாத எவர்சில்வர் பாத்திரம் ஒன்று கண்ணில் பட்டால், அது பக்கத்து வீட்டுப் பாத்திரம் என்று அர்த்தம். நான் மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு வீட்டு ரசம் இன்னொரு வீட்டுக்குப் போகும். திரும்பி வரும்போது கிண்ணம் மாறியிருக்கும். அதனால் அம்மா டம்ளர் முதல் அண்டா வரை எல்லாவற்றிலும் பேரும் தேதியும் வெட்டி வைத்திருந்தாள். அடுக்கும்போதும் பேர் வெளியே தெரிகிற மாதிரிதான் அடுக்க வேண்டும். பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. (அந்த வீட்டில் பேர் வெட்டாமல் நடமாடிய ஒரே உருப்படி அப்பாதான். ஓரிடத்தில் உட்காராததால் தப்பித்தார்.)

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு உத்தியோகமும் ஜாடிக்கேற்ற மூடியாக அமைந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. பல் பிடுங்கப் போனவருக்கு எதற்கு முழங்கால் எக்ஸ்ரே என்று கேட்பதற்கு எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். ஆபீசில் பட்டது போக மிச்சமிருக்கும் சந்தேகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பால்காரர், இஸ்திரிக்காரர், காய்கறி விற்கும் பையா எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் பிரித்துக் கொடுப்பேன். என் கணவர் சுந்தர் இதற்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் “அப்படியா?” என்று நம்பிவிடுவார். என்னைக் கல்யாணம் செய்துகொண்டதும் அப்படித்தான். பெண் ரொம்ப சாது என்று யாரோ சொன்னார்களாம்.

ஐரோலியில் சுந்தர் வேலை பார்த்த கம்பெனி மும்பை ஆபீஸையே இழுத்து மூடிவிட்டது. மழைக்கு முன்னால் போன வேலை, கணபதி வந்து கடலில் கரைந்து, நவராத்திரிச் சுண்டல் தீர்ந்த பிறகும் கிடைத்தபாடில்லை. தினமும் காலையில் ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். சாயங்காலம் மடிப்புக் கலையாமல் எழுந்திருப்பார். எனக்கு அந்தச் சட்டையைப் பார்க்கவே பயமாக இருக்கும். ராத்திரி அதைத் தோய்க்கப் போடும்போது சில நாள் அழுதும் இருக்கிறேன்.

அந்த நிலைமையில்தான் ஒரு கம்பெனி கடைசிச் சுற்று நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பிரிவுக்கு மேனேஜர். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, வீடியோவில். முதலில் ஏதோ படங்களைத் திரையில் காட்டிப் பேச வேண்டும், அதற்கு போன் போதாது என்று சொல்லியிருந்தார்கள். பழைய கம்பெனி லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது. வீட்டில் இருந்தது எங்கள் பெண்ணின் காலேஜ் படிப்புக்காக வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டர் மட்டும். கரண்ட் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

மும்பையில் கரண்ட் போகாது என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்கிற கூட்டம் நாங்கள். ஆனால் எங்கள் செம்பூர் அடுக்குமாடி சொசைட்டியில் அப்போது மீட்டர் ரூம் ஒயரிங்கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் பவார் நினைத்தபோது மெயினை இறக்குவார், நினைத்தபோது ஏற்றுவார். அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிப்பதற்காக மேஜைக்குக் கீழே யூபிஎஸ் என்று ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அது தாங்குவதை நிறுத்திவிட்டது. கரண்ட் போனதும் ‘கீ’ என்று ஒரு முனகல், உடனே திரை இருட்டு.

“மீட்டர் ரூம் வேலையெல்லாம் முடிஞ்சுடுத்தாம் ஜெயா. இனிமே கரண்டை நிறுத்த மாட்டாளாம். லிஃப்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்கா” என்றார் சுந்தர்.

நானும் பார்த்திருந்தேன். அழகாக டைப் அடித்து, முத்திரை குத்தி, சொசைட்டி செக்ரட்டரி காலே கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு நோட்டீஸ் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது. யூபிஎஸ்ஸை ரிப்பேர் செய்தே தீரவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

சுந்தரின் நண்பர் ஒருவர் தாராவியில் காஜா பாய் கடையைச் சொன்னார். எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. எந்தக் கடையாக இருந்தாலும் பேட்டரி போய்விட்டது என்பார்கள். நம் பழைய பேட்டரியையே நன்றாகத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, நம் தலையிலேயே கட்டுவார்கள்.

“அப்படியெல்லாம் யாராவது பண்ணுவாளா?” என்றார் சுந்தர்.

“பண்ண மாட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தெரிந்துகொள்ள ஒரு வழி என்னிடம் இருந்தது. பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கழற்றி, துணிப்பையில் போட்டுக்கொண்டு மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மா வழக்கமாகப் பேர் வெட்டும் பாத்திரக் கடை.

“என்ன விசேஷம் மாமி?” என்று பேர் வெட்டுகிறவர் கையை நீட்டினார். பையிலிருந்து பேட்டரி வந்தது. அதையும் என்னையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல சமைக்க முடியாதே, மாமி.”

“பேர் வெட்டினாப் போறும். ஆழமா வேண்டாம், உள்ளே ஆசிட் இருக்கு.”

“யார் குடுத்ததுன்னு போட வேண்டாமா?”

“யாரும் குடுக்கலை. யாரும் எடுத்துக்கக் கூடாதுன்னுதான் வெட்டறது.”

அவர் மிஷினை ‘ர்ர்ர்’ என்று ஓட்டி, பேட்டரியின் ஒரு பக்கத்தில் ‘எஸ். ஜெயலட்சுமி’ என்று வெட்டினார். கீழே தேதி. பேருக்கு இந்தப் பக்கம் ஒரு பூ, அந்தப் பக்கம் ஒரு பூ. (பூவை நான் கேட்கவில்லை. சீர் வரிசையிலேயே பழகிய கை.) வீட்டுக்கு வந்து பேட்டரியை ஒயர் மாட்டாமலே பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு, சுந்தரோடு தாராவிக்குக் கிளம்பினேன்.

காஜா பாய்க்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நல்ல உரத்த குரல். நான் பெட்டியை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. போனை எடுத்து வீடியோவைப் போட்டார்.

“பேரு, அட்ரஸ் சொல்லுங்கம்மா. இந்தப் பெட்டிய நீங்கதான கொண்டாந்திய? ஓரத்துல கெடக்க கீறலு முன்னாலயே இருந்ததுதான? வாயத் தொறந்து சொல்லுங்க.”

“இதெல்லாம் எதுக்கு?”

“எதுக்கா? நாளைக்கு வந்து, பாய் கீறிட்டாரு, பாய் களவாண்டுட்டாருன்னு நிப்பிய. எத்தன பேரப் பாத்திருக்கேன்.”

என்னை ஒருவர் சந்தேகப்படுவது அதுதான் முதல் தடவை. ரொம்ப அவமானமாக இருந்தது. (அவமானம் மட்டும்தான். புத்தி எதுவும் வரவில்லை.)

அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“யாரு இது, ஜெயலட்சுமி?”

“நான்தான்.”

“பூவெல்லாம் போட்டிருக்கு! கலியாணத்துக்கு வந்த பேட்டரியா?”

சுந்தர் சட்டென்று கடைக்கு வெளியே போய் நின்று தெருவை வேடிக்கை பார்த்தார். முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

காஜா பாய் அங்கே இங்கே கம்பியை வைத்துப் பார்த்தார். “பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சார்ஜ் ஏத்துற பார்ட்டுதான் போயிட்டு. அத மட்டும் மாத்துனாப் போதும்” என்றார்.

விற்கச் சந்தர்ப்பம் கிடைத்தும் விற்காத கடைக்காரரை நான் பார்த்ததே இல்லை. பேட்டரியை மாற்றச் சொன்னால் சண்டை போடத் தயாராக வந்தவளிடம் பேட்டரி நன்றாக இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? நன்றாக இருக்கிற பேட்டரிமேல் கண் வைத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

சாயங்காலம் போனபோது பெட்டி தயாராக இருந்தது. கழற்றிய பழைய பார்ட்டை ஒரு காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார். ஸ்குரூவின் தலையில் சிவப்புப் பெயின்ட் தொட்டு வைத்திருந்தார். “இது என் சீலு. ஒடச்சா கேரண்டி கெடையாது, சொல்லிட்டேன்” என்றார். வீடியோ, பழைய பார்ட், சிவப்புச் சீல். நேர்மையான மனுஷருக்கு எதற்கு இத்தனை சாட்சி? (கேட்பது யார்? பேட்டரியில் பேர் வெட்டியவள்.)

வீட்டில் சுந்தர் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பார்த்தார். திரை அப்படியே நின்றது. “பாத்தியா!” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அத்தோடு நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். பெண் காலேஜுக்கும், சுந்தர் காலையிலேயே குளித்துவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்கும் போயிருந்தார்கள். வீட்டில் நானும் யூபிஎஸ்ஸும் மட்டும். அது பாட்டுக்கு ஒரு பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சாதுவாக இருந்தது. உள்ளே இருப்பது என் பேட்டரிதானா? அதற்குப் பதிலாக ஏதாவது மட்டமான பேட்டரி இருந்து, நேர்காணல் நேரத்தில் காலை வாரிவிட்டால்? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி. பிளக்கைப் பிடுங்கினேன். கத்தி முனையால் சிவப்புப் பெயின்ட்டைச் சுரண்டி, ஸ்குரூவைக் கழற்றினேன்.

பேட்டரி இருந்தது. வழவழவென்று இருந்தது. பேர் இல்லை, தேதி இல்லை, பூ இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷம் பொங்கியது. இத்தனை வருஷமாக ஊரையே சந்தேகப்பட்டதற்கு ஒருவழியாக ஓர் ஆதாரம்! ஒரு போட்டோ எடுத்தேன். காஜா பாயைக் கூப்பிட்டேன்.

“என் பேர் எங்கே?”

“யாரும்மா பேசுதது?”

“ஜெயலட்சுமி.”

“ஓ, பூப்போட்ட பேட்டரியா?”

“பூவும் இல்லை, பேரும் இல்லை. என் பேட்டரியை எடுத்துண்டு வேற எதையோ வெச்சுட்டீங்க. போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். விடமாட்டேன்.”



“சீல ஒடச்சியளா?”

“பேச்சை மாத்தாதீங்க.”

“யம்மா, கடையில ஆளு நிக்கி. போனு ஸ்பீக்கர்ல கெடக்கு. அத்தன பேரும் கேக்க என்னையக் களவாணிங்கிய. ஒண்ணத்தையும் தொடாதிய. இப்பமே ஒங்க வீட்டுக்கு வாரேன்” என்று வைத்துவிட்டார்.

வரட்டும் என்று இருந்தேன். அதற்குள் இன்னும் நாலு போட்டோ எடுத்து வைக்கலாமே என்று ஒயரைக் கழற்றிப் பேட்டரியை வெளியே எடுத்தேன். திருப்பினேன்.

எஸ். ஜெயலட்சுமி. கீழே தேதி. இரண்டு பக்கமும் பூ.

மனுஷர் பேர் உள்பக்கம் இருக்கிற மாதிரி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அவருக்கு என்ன தெரியும், அவர் என் அம்மாவிடமா வளர்ந்தார்? உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத ஒரே மும்பைக்காரர் என் பங்குக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அவர் வருவதற்குள், அதைவிட முக்கியமாக சுந்தர் வருவதற்குள், பெட்டியைப் பழையபடி மூடிவிட வேண்டும். அவசரமாக உட்கார்ந்தேன். ஆனால் பேர் உள்பக்கம் போகிற மாதிரி வைக்க எனக்குக் கை வரவில்லை. அம்மா பழக்கிய கை. பேர் வெளியே தெரிகிற மாதிரி பேட்டரியைத் திருப்பி வைத்தேன். பேட்டரியைத் திருப்பினால் அதன் இடதும் வலதும் இடம் மாறிவிடும் என்று தோன்றவில்லை. இடது பக்கம் இருந்த ஒயரை இடது பக்கத்திலேயே மாட்டினேன். வலதை வலதில் வைத்தேன். ஒயரில் சிவப்பு, கறுப்பு என்று நிறம் இருந்தது. பேட்டரியிலும் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? நான் என் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘டப்’பென்று ஒரு பொறி. பிறகு ஒரு சின்னப் புகை. பச்சை விளக்கு அதற்கப்புறம் எரியவே இல்லை.

பெட்டியை மேஜைக்குக் கீழே தள்ளி, கம்ப்யூட்டரையும் வைஃபை பெட்டியையும் நேராகச் சுவர் பிளக்கில் சொருகுவதற்கும் சுந்தர் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

“ஏதோ கருகற வாசனை வரதே?”

“பக்கத்தாத்துல மசாலா வறுக்கறா.”

“அப்படியா?” என்று என் நெற்றியில் விபூதியை வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போய்விட்டார். நம்புகிறவரிடம் பொய் சொல்லுவது இவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது. அந்த வேலை அவருக்குக் கிடைக்காமல் போனால் அது என்னால்தான், வேறு யார் மேலும் சந்தேகப்பட முடியாது.

பதினோரு மணிக்கு அவர் மேலே சட்டையும் டையும், கீழே வேட்டியுமாக உட்கார்ந்து ‘குட் மார்னிங்’ சொன்னதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கினேன். இனி ஒரே வழிதான் இருந்தது. நேர்காணல் முடிகிற வரைக்கும் பவாரை மெயினில் கை வைக்க விடக்கூடாது.

பவார் மீட்டர் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மீட்டர் பெட்டிகளில் பெயின்ட்டால் வீட்டு நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். நான் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் நகரவில்லை. அவருக்கு வியர்க்க ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் காஜா பாய் ஒரு கையில் புது பேட்டரியும் இன்னொரு கையில் ஸ்குரூ டிரைவருமாக வந்து சேர்ந்தார்.

“எங்க அந்தப் பெட்டி? அதுல ஒங்க பேரு இல்லன்னா இந்தாங்க, இந்தப் புதுப் பேட்டரிய நீங்களே வச்சுக்கிடுங்க. இருந்துச்சுன்னா கடைக்கு வந்து அத்தன பேரு முன்னாலயும் சொல்லணும்.”

“இருக்கு பாய்” என்றேன் மெதுவாக.

“என்னது?”

“பேர் இருக்கு. பின்பக்கம் இருந்தது. நான் திருப்பிப் பாக்கலை.”

அவர் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. “திருப்புனியளா? திருப்பி எப்படி மாட்டுனிய?”

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, “யா அல்லா, சிவப்பு கறுப்புகூடவா பாக்கல! நான் மாத்துன பார்ட்டு போச்சே!” என்று கத்தினார். நான் மெதுவாகப் பேசச் சொல்லி மீட்டர் ரூமைக் கைகாட்டினேன். அவரும் மீட்டர் ரூமைக் கைகாட்டி ஏதோ கேட்டார்.

பவாருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்டதெல்லாம் இதுதான்: கண் கொட்டாமல் முறைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, பேட்டரியும் ஸ்குரூ டிரைவருமாக வந்த முன்பின் தெரியாத ஓர் ஆள், இரண்டு பேரும் மீட்டரைக் காட்டிக் காட்டி ரகசியம் பேசுகிறார்கள். அவர் நல்ல மனுஷர். உடனே செக்ரட்டரி காலேக்கு போன் செய்துவிட்டார்.

காலே செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார். “மீட்டர்மே கட்பட் கர் ரஹே ஹோ க்யா?” என்று என்னையே கேட்டார். மீட்டரில் தில்லுமுல்லாம், நானாம்! கரண்டை நிறுத்திவிடாமல் இருக்கத்தான் காவல் நிற்கிறேன் என்று இந்தியில் சொன்னேன். கரண்டை யார் நிறுத்தப் போகிறார்கள், வேலைதான் முடிந்துவிட்டதே, லிஃப்டில் நோட்டீஸ் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன், ஆனால் நம்பவில்லை என்றேன். தானே கையெழுத்துப் போட்ட நோட்டீஸை நம்பவில்லை என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னதும் அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஒயரில் யார் என்ன செய்திருக்கிறார்களோ, எதற்கும் ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று பவாரிடம், “மெயின் பந்த் கர்” என்றார்.

“வேண்டாம்!” என்று நான் கத்தியதும் பவார் மெயினை இறக்கியதும் ஒன்றாக நடந்தன. மாடி மாடியாக மின்விசிறிகள் ஓய்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு நிற்கவே போகாத கரண்டை, காவல் காக்கப் போய் நானே நிறுத்தினேன்.

படியில் காலடிச் சத்தம். சுந்தர் இறங்கி வந்தார். டை, வேட்டி, கையில் போன். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் மூன்று பாஷையில் பேசினோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. காலேயிடம், உங்கள் கவலை நியாயமானது, மீட்டர் சீல்களை இப்போதே சேர்ந்து பார்த்துவிடலாம் என்றார். பவாரிடம், நீங்கள் கவனித்துச் சொன்னது நல்ல காரியம் என்றார். காஜா பாயிடம், “பாய், உங்க மேல ஒரு தப்பும் இல்லை. கடைக்கு நாங்க ரெண்டு பேரும் வந்து சொல்றோம்” என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பவார் மெயினை ஏற்றினார், காலே காஜா பாய்க்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கடைசியாக சுந்தர் என்னிடம் திரும்பினார். நான் சுவரோடு சுவராக நின்றிருந்தேன்.

“முதல்லயே திருப்பிப் பாத்திருக்கலாமே, ஜெயா?”

அவ்வளவுதான் கேட்டார். அவர் கையிலிருந்த போனிலிருந்து யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மேலே வீட்டில் படங்களைக் காட்டி முடித்து, கேள்விகள் நடந்துகொண்டிருந்தபோதுதான் கரண்ட் போயிருக்கிறது. சுந்தர் போனில் மறுபடி இணைந்து, ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, வீடியோவை அணைக்க மறந்து இறங்கி வந்துவிட்டார். கரண்ட் போவதற்கு முன் அவரிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி: ‘ஒத்துப்போகாத மனிதர்களைச் சமாளித்த அனுபவம் ஏதாவது உண்டா?’ பதிலை அவர்கள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். அடுத்த வாரம் வேலைக்கான உத்தரவு வந்தது. (அதை நான் மூன்று பேரிடம் காட்டி, நிஜம்தானா என்று விசாரித்தேன்.)

காஜா பாய் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அத வீடியோல சொல்லுங்கம்மா” என்றார். சொன்னேன். இன்றைக்கும் சந்தேகப்படுகிற வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலில் அந்த வீடியோவைத்தான் காட்டுகிறாராம். தாராவிப் பக்கம் போனால், முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிக்கிறார்கள். யூபிஎஸ்ஸை மறுபடி சரிசெய்து, மூடியின்மேல் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் ‘பேரு இந்தப் பக்கம்’ என்று எழுதியிருந்தது.

எங்கள் வீட்டில் இப்போது நான் பால்காரரைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், எங்கள் பெண், “திருப்பிப் பாத்தியாம்மா?” என்பாள். சுந்தர் முதல் சம்பளத்தில் எனக்கு ஓர் எவர்சில்வர் சம்படம் வாங்கிவந்தார். மாட்டுங்காவில் அதே கடை, அதே பூ. முன்னால், பின்னால், மூடியில், அடியில் என்று எல்லாப் பக்கமும் என் பேரை வெட்டச் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரர் எந்தப் பக்கத்தையாவது விட்டிருப்பாரோ என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன்.